செல்மா லாகர்லெவ் வாழ்வில் பயணமும் இல்லமும்: ‘நில்ஸ் ஹோல்கெர்சன்’ குழந்தை நூலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சுவீடன் நாட்டு எழுத்தாளர் செல்மா லாகர்லெவ் (1858–1940) இலக்கியத்திற்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி ஆவார். பள்ளிச் சிறுவர்களுக்காக அவர் 1906, 1907 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக எழுதிய நில்ஸ் ஹோல்கெர்சன் பயணக்கதை உலகக் குழந்தை இலக்கியத்தில் நிலைத்த இடம் பெற்றது. அவரது பயண ஆர்வம் அந்நூலுக்குத் தூண்டுதலாக அமைந்தது என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. அந்த ஆர்வம் எத்தகையது என்பதை அவரது வாழ்க்கை நிகழ்வுகளோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது. லாகர்லெவ்வின் பயணங்கள் புதுமை நாடிய பயணங்கள் என்பதைவிட, இழந்த இல்லத்தைத் தொலைவிலிருந்து காணும் முயற்சிகள் என்பதே பொருந்தும் என இக்கட்டுரை நிறுவ முனைகிறது.

திறவுச் சொற்கள்: செல்மா லாகர்லெவ், குழந்தை இலக்கியம், பயணம், இல்லம், பாடநூல், சுவீடன், நில்ஸ் ஹோல்கெர்சன்.

முன்னுரை

தமிழ் வாசகர்கள் செல்மா லாகர்லெவ்வைப் பெரிதும் க.நா.சுப்ரமண்யத்தின் மொழிபெயர்ப்புகள் வழியாகவே அறிவர். கோஸ்டா பெர்லிங் என்னும் பாதிரியாரைப் பற்றிய முதல் நாவல் ‘மதகுரு’ என்ற பெயரிலும், கிறித்துமஸ் மலரைப் பற்றிய சிறுகதை ‘தேவமலர்’ என்ற பெயரிலும் தமிழுக்கு வந்தன. இவ்விரண்டும் அவரை நாட்டார் மரபில் ஊறிய நாவலாசிரியராகவும் சமயக் கதைகளின் ஆசிரியராகவும் அறிமுகப்படுத்தின. ஆனால், அவரது தாய்நாட்டில் பல தலைமுறைகள் அவரை முதலில் அறிந்தது வகுப்பறையில்தான். வாத்தின் முதுகிலேறி நாடு முழுவதையும் சுற்றிவரும் ஒரு சிறுவனின் கதையை எழுதியவராகவே அவர் குழந்தைகளுக்கு அறிமுகமானார்.

குழந்தை எழுத்தாளர்களின் வாழ்க்கையை எழுதுவோர், பயணம் செய்தவரிடமிருந்து பயணக்கதை பிறந்தது என்று எளிய காரணகாரியத் தொடர்பு கூறி அமைவதுண்டு. லாகர்லெவ்வைப் பொறுத்தவரை இவ்விளக்கம் போதாது. அவர் இத்தாலியையும் எகிப்தையும் பாலஸ்தீனத்தையும் கண்டவர். எனினும் அவரது புகழ்பெற்ற குழந்தை நூல் அந்நாடுகளில் ஒன்றைப் பற்றியும் பேசவில்லை. அது சொந்த நாட்டிற்குள்ளேயே நிகழும் பயணம். தொலைதூரம் சென்று வந்த ஒருவர் குழந்தைகளுக்கு எழுதும்போது ஏன் வீட்டைச் சுற்றியே பறந்தார் என்னும் வினாவிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது.

1. மோர்பக்காவில் இளமை

செல்மா ஒட்டிலியா லோவிசா லாகர்லெவ் 1858 நவம்பர் 20ஆம் நாள், சுவீடனின் மேற்கிலுள்ள வார்ம்லண்ட் நிலப்பகுதியில் மோர்பக்கா என்னும் பண்ணை வீட்டில் பிறந்தார். தந்தை எரிக் குஸ்தாவ் லாகர்லெவ் படைத்துறையில் லெப்டினன்ட் பதவி வகித்தவர். ஃப்ரிக்கன் ஏரிகளை ஒட்டிய அப்பகுதி இரும்பு உலைகளுக்கும் காடுகளுக்கும் வாய்மொழிக் கதைகளுக்கும் பெயர்பெற்றது. வீட்டில் கதை சொல்லும் பொறுப்பு தந்தைவழிப் பாட்டியுடையதாக இருந்தது. செல்மாவுக்கு ஐந்து வயதானபோது அப்பாட்டி இறந்தார். வேறோர் உலகத்தின் கதவு அன்று மூடப்பட்டதாகத் தாம் உணர்ந்ததைப் பிற்காலத்தில் கிறிஸ்து பற்றிய கதைத் தொகுப்பின் (1904) தொடக்கத்தில் அவர் நினைவுகூர்ந்துள்ளார்.

ஏறத்தாழ மூன்றரை வயதில் செல்மா நடக்கும் ஆற்றலை இழந்தார். இடுப்பு மூட்டில் ஏற்பட்ட அக்குறை அவரை வாழ்நாள் முழுவதும் தாங்கி நடப்பவராக ஆக்கியது. செவிலிப்பெண் ஒருவர் அவரைத் தூக்கிச் சுமந்தே வளர்த்தார். சிறுமியின் உடல்நலம் கருதிக் குடும்பத்தினர் மேற்குக் கடற்கரை ஊரான ஸ்ட்ரோம்ஸ்டாடிற்குச் சென்று ஒரு கோடைக்காலம் தங்கினர். அங்கே ஒரு கப்பல் தலைவரிடம் சொர்க்கப் பறவை ஒன்று இருப்பதைச் சிறுமி கேள்வியுற்றார். சொர்க்கத்திலிருந்து வந்த பறவை தம் காலைக் குணப்படுத்தும் என்று நம்பினார். கப்பலைக் காணக் குடும்பத்தோடு சென்றவர், பறவையைத் தேடும் ஆவலில் தம்மை மறந்து கப்பலின் உள்ளறைக்கே போய்விட்டார். தம் கால்களால் நடந்தே அங்கு வந்திருப்பதைப் பிறர் சொன்ன பின்னரே அவர் உணர்ந்தார்.

இந்நிகழ்ச்சியை லாகர்லெவ் 1922இல் வெளியிட்ட ‘மோர்பக்கா’ என்னும் நினைவுநூலின் தொடக்கப் பகுதியில் விரிவாக எழுதியுள்ளார். பயணம், பறவை, உடலின் மீட்சி ஆகிய மூன்றும் இதில் ஒருங்கே அமைகின்றன. பதினாறு ஆண்டுகளுக்கு முன்னரே வெளிவந்துவிட்ட நில்ஸ் கதையின் அடிப்படைக் கூறுகளும் இவையே. ஆகவே, இளமை அனுபவமே கதையை உருவாக்கியது என்று உடனே முடிவு கட்டுவது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. கதையை எழுதி முடித்த ஒருவர் தம் இளமையை அக்கதையின் ஒளியில் திரும்பக் கண்டிருத்தலும் கூடும். எவ்வாறாயினும், பயணம் என்பதை நடக்க இயலாதவருக்குக் கிடைக்கும் நடையாக அவர் புரிந்துகொண்டிருந்தார் என்பது இதனால் தெளிவாகிறது.

மோர்பக்காவின் வாழ்வு இடம்பெயராத வாழ்வு. சிகிச்சைக்காக ஸ்டாக்ஹோமில் உறவினர் வீட்டில் தங்கியதைத் தவிர, இளமையின் பெரும்பகுதியை அவர் அவ்வீட்டிலேயே கழித்தார். ஏழு வயதளவில் மெய்ன் ரீடு எழுதிய அமெரிக்கச் செவ்விந்தியர் பற்றிய ‘ஒசியோலா’ என்னும் நாவலைப் படித்து, எழுத்தாளராக வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார். கால்கள் செல்லாத தொலைவிற்குப் புத்தகம் அழைத்துச் சென்றது.

2. ஆசிரியப் பணியும் இல்லத்தின் இழப்பும்

1882 முதல் 1885 வரை ஸ்டாக்ஹோமில் பெண்களுக்கான உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் லாகர்லெவ் பயின்றார். 1885இல் தந்தை இறந்தார். குடும்பம் கடனில் மூழ்கியிருந்தது. அதே ஆண்டு தெற்குச் சுவீடனின் ஸ்கோனே நிலப்பகுதியில், டென்மார்க்கை நோக்கிய கடற்கரையில் உள்ள லண்ட்ஸ்க்ரூனா நகரின் பெண்கள் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே பத்தாண்டுகள் பணியாற்றினார். வார்ம்லண்டின் காடும் மலையும் பார்த்து வளர்ந்தவருக்கு, வயல்கள் கட்டம் கட்டமாக விரியும் ஸ்கோனேயின் சமவெளி முற்றிலும் வேறான நிலமாகும். நில்ஸின் கதை இந்தச் சமவெளியில்தான் தொடங்குகிறது என்பதை இங்குக் கருத வேண்டும்.

1880களின் இறுதியில் மோர்பக்கா விற்கப்பட்டது. தாத்தா பாட்டி காலம் முதல் குடும்பம் வாழ்ந்த வீடு பிறர் கைக்குச் சென்றது. லாகர்லெவ்வின் எழுத்து வாழ்வில் இதனினும் ஆழமான நிகழ்வு வேறில்லை எனலாம். ஆசிரியப் பணிக்கிடையே அவர் எழுதிவந்த கோஸ்டா பெர்லிங் கதை இந்த இழப்பின் நிழலில்தான் உருப்பெற்றது. 1890இல் ‘இதூன்’ என்னும் மகளிர் இதழ் நடத்திய போட்டியில் அந்நாவலின் ஐந்து இயல்கள் பரிசு பெற்றன. 1891இல் நூல் முழுமையாக வெளிவந்தது. டென்மார்க்கின் திறனாய்வாளர் கெயோர்க் பிராண்டெஸ் 1893இல் எழுதிய மதிப்புரை அந்நூலுக்குப் பரவலான கவனத்தைப் பெற்றுத் தந்தது. அந்நாவலில் எக்கெபி மாளிகையின் தலைவி தம் வீட்டிலிருந்தே வெளியேற்றப்பட்டு ஊர் ஊராக அலைகிறார். வீடிழந்தோர் வழிநடப்பது என்னும் கருப்பொருள் லாகர்லெவ்வின் முதல் நூலிலேயே வேர்கொண்டுவிட்டது.

3. தெற்கிலும் கிழக்கிலும்

1895இல் அரசர் இரண்டாம் ஆஸ்கரும் இளவரசர் யூஜினும் அளித்த உதவித்தொகையும் சுவீடன் அகாதெமியின் உதவியும் கிடைக்கவே, லாகர்லெவ் ஆசிரியப் பணியைக் கைவிட்டு முழுநேர எழுத்தாளரானார். பணியை விட்டதும் அவர் மேற்கொண்டது பயணம். 1894இல் அறிமுகமான எழுத்தாளர் சோஃபி எல்கான் அவருக்கு உற்ற துணையானார். கணவரையும் மகளையும் நோய்க்குப் பறிகொடுத்த எல்கான், மொழிகளும் வெளிநாட்டு வழிகளும் அறிந்தவர். இருவரும் 1895–96இல் இத்தாலிக்குச் சென்றனர். சிசிலியில் கண்டவற்றிலிருந்து 1897இல் ‘அந்திக்கிறிஸ்துவின் அற்புதங்கள்’ என்னும் நாவல் பிறந்தது.

1897இல் லாகர்லெவ் டாலர்னா நிலப்பகுதியின் ஃபலூன் நகரில் குடியேறினார். அதற்கு முந்தைய ஆண்டு, அதே நிலப்பகுதியின் நோஸ் என்னும் ஊரைச் சேர்ந்த 37 பேர், சமய எழுச்சி ஒன்றினால் தம் நிலங்களை விற்றுவிட்டு எருசலேமிலிருந்த அமெரிக்கக் குடியிருப்புக்குச் சென்றிருந்தனர். தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை விட்டு, கண்டிராத ஒரு நகருக்கு மக்கள் ஏன் செல்கின்றனர் என்னும் வினா அவரை ஆட்கொண்டது. 1899–1900இல் எல்கானுடன் எகிப்து, பாலஸ்தீனம் முதலிய நாடுகளுக்கு அவர் சென்றார். எருசலேமில் அக்குடியேறிகளை நேரில் கண்டார். அதன் பயனாக ‘எருசலேம்’ நாவலின் இரு தொகுதிகள் 1901, 1902 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன.

இந்நாவலின் முதற்பகுதி பெரும்பாலும் டாலர்னாவிலேயே நிகழ்கிறது என்பது கவனத்திற்குரியது. புனித நகரைக் கண்டு திரும்பியவர், அந்நகரை வருணிப்பதற்கு முன் இங்மார் குடும்பத்தின் பண்ணை ஏலம் போவதைத்தான் விரிவாக எழுதினார். அந்நிலத்தைக் காப்பதற்காக இளைய இங்மார் தம் காதலையே துறக்கிறார். மோர்பக்காவை இழந்தவரின் எழுத்து என்பதை மறந்து இப்பகுதியைப் படிக்க இயலாது. கிழக்கு நோக்கிய நெடும்பயணம், பிறந்த நிலத்தைப் பிரிவது ஒருவருக்கு என்னவாகிறது என்பதை எழுதும் ஆற்றலையே அவருக்கு அளித்தது. பிறர் தொலைவைக் காணத் தொலைவு செல்வர். லாகர்லெவ் அருகிலுள்ளதைக் காணத் தொலைவு சென்றார்.

4. பாடநூலும் பறவையும்

சுவீடனின் தொடக்கப் பள்ளிகளில் 1868 முதல் ஒரே வாசிப்பு நூல் பயன்பாட்டில் இருந்து வந்தது. அதற்கு மாற்றாகப் புதிய நூல்களை உருவாக்க நாட்டின் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம் முனைந்தது. ஆசிரியரும் கல்விச் சீர்திருத்தவாதிகளுமான ஆல்ஃபிரட் டாலின், ஃப்ரித்யூவ் பெர்க் ஆகியோர் 1900களின் தொடக்கத்தில் லாகர்லெவ்வை அணுகினர். சுவீடன் நாட்டின் நிலவியலைச் சிறுவர்களுக்குக் கற்பிக்கும் நூல் ஒன்றை எழுதித் தருமாறு வேண்டினர். அதே வரிசையில் பின்னர் வெர்னர் வான் ஹைடன்ஸ்டாம் சுவீடன் தலைவர்களைப் பற்றியும், ஆசியாவின் நடுப்பகுதியில் பயணம் செய்த ஸ்வென் ஹெடின் உலகப் பயணங்களைப் பற்றியும் எழுதினர். உலகம் சுற்றிய ஹெடினுக்கு உலகமும், லாகர்லெவ்வுக்குச் சொந்த நாடும் பாடப்பொருளாயின.

பத்தாண்டுகள் கற்பித்த அனுபவமுள்ள லாகர்லெவ், மாணவர் எதைப் படிப்பர், எதை ஒதுக்குவர் என்பதை நன்கறிந்தவர். பறவைகள், விலங்குகள், மண்வகை, தொழில்கள், நாட்டார் கதைகள் ஆகியவை குறித்து அவர் பல காலம் செய்திகள் திரட்டினார். 1904ஆம் ஆண்டுக் கோடையில் நாட்டின் வடபகுதிக்கு நேரில் பயணம் செய்தார். செய்திகள் குவிந்தன; ஆனால் அவற்றைக் கோக்கும் நூலிழை கிடைக்கவில்லை. நிலப்பகுதி ஒவ்வொன்றையும் ஓர் இயலாக எழுதினால் அது பழைய பாடநூலின் மறுவடிவமாகவே முடிந்திருக்கும். விலங்குகளைப் பேசவைத்து எழுதும் துணிவை ருட்யார்ட் கிப்ளிங்கின் காட்டுக் கதைகள் அவருக்கு அளித்தன.

இறுதியில் அவர் தேர்ந்த வடிவம், பறவைகளின் வலசை. ஸ்கோனேயின் வெஸ்ட்ரா வெம்மன்ஹோக் என்னும் ஊரில் வாழும் நில்ஸ், சோம்பலும் முரட்டுத்தனமும் உடைய பதினான்கு வயதுச் சிறுவன். வீட்டைக் காக்கும் குள்ள உருவமான தொம்தேயைத் துன்புறுத்தியதனால் தானும் குள்ளனாகிவிடுகிறான். வீட்டின் வெள்ளை ஆண்வாத்து மார்ட்டின் காட்டு வாத்துகளோடு பறக்க முற்படும்போது, அதைத் தடுக்க அதன் கழுத்தைப் பற்றியவன் வானில் ஏறிவிடுகிறான். கூட்டத்தின் தலைவி கெப்னகைசே மலையைச் சேர்ந்த அக்கா. சாமி மொழியில் இப்பெயர் முதியவள் என்னும் பொருளுடையது. தமிழ்ச் சொல்லோடு இதற்குள்ள ஒலியொற்றுமை தற்செயலானதே. மார்ச் 20ஆம் நாள் தொடங்கி, இளவேனிலில் வடக்கே லாப்லாந்து வரை சென்று, இலையுதிர் காலத்தில் தெற்கே திரும்பி, நவம்பர் தொடக்கத்தில் கதை முடிகிறது. இவ்வாறு பறவைகளின் இயற்கையான வழியே நூலின் பாடத்திட்டமாகவும் அமைந்தது. 55 இயல்களில் காலமும் இடமும் ஒன்றோடொன்று பிணைந்து நகர்கின்றன. 1906இல் சுவீடனில் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தத்தையும் இந்நூல் பின்பற்றியது.

5. உயரமும் சிறுமையும்

நூலின் தொடக்கத்தில் வானிலிருந்து ஸ்கோனேயைக் காணும் நில்ஸுக்கு அது கட்டம் போட்ட பெரிய துணியாகத் தோன்றுகிறது. பின்னர்ப் பச்சைக் கட்டம் கம்பு வகைப் பயிர் என்றும், மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் அறுவடை முடிந்த தாள் என்றும், ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வயலாக அவனுக்குப் பிடிபடுகிறது. மனிதர் வானிலிருந்து நிலத்தைக் காணுதல் பெரிதும் கற்பனையாகவே இருந்த காலத்தில் எழுதப்பட்ட பகுதி இது. நிலவரைபடத்தைப் படிக்கும் பயிற்சியையே ஆசிரியர் இங்குக் கதையாக்கியுள்ளார். பழகிய ஊர் முதலில் அடையாளம் தெரியாததாகி, பிறகு புதிதாக அறியப்படுகிறது.

உயரம் ஒரு பக்கம் என்றால் உருவச் சிறுமை மறுபக்கம். வானில் எல்லாவற்றையும் காண்பவன், தரையில் அணிலுக்கும் எலிக்கும் இணையானவன். தான் துன்புறுத்திய உயிர்களின் கருணையில் அவன் வாழ வேண்டியிருக்கிறது. தேசத்தைப் பெருமையோடு காட்ட வேண்டிய பாடநூல், அத்தேசத்தை அதன் சிற்றுயிர்களின் கண்மட்டத்திலிருந்தும் காட்டியது. தோக்கெர்ன் ஏரியை வற்றச்செய்து விளைநிலமாக்கும் திட்டத்தை அந்த ஏரிப் பறவைகளின் பக்கம் நின்று பேசும் இயல்கள் இதற்குத் தக்க சான்றாகும். தம் நடமாட்டத்தை இளமையில் பிறர் கருணையில் பெற்ற ஒருவர் இப்பார்வையை எய்தியது இயல்பே. எனினும், இதனை வாழ்க்கைக் குறிப்பாக மட்டும் சுருக்காமல் கலைநெறியாகக் கொள்வதே பொருத்தமாகும்.

நூலுக்கு எதிர்ப்பும் இருந்தது. இயற்கையியல் செய்திகளில் பிழைகள் உள்ளதாகச் சிலர் குறை கூறினர். மேற்குக் கடற்கரையிலுள்ள ஹாலண்ட் நிலப்பகுதி தனி இயல் பெறாமல் போகிற போக்கில் சுட்டப்பட்டதும் குறையாகப் பேசப்பட்டது. எல்லா நிலங்களையும் சமமாக நிறைப்பது பாடநூலின் கடமை. கதையின் ஓட்டத்திற்கு வேண்டியவற்றைத் தேர்வது கலைஞரின் உரிமை. இரண்டும் மோதிய இடங்களில் லாகர்லெவ் பெரும்பாலும் கதையின் பக்கமே நின்றார்.

6. தரைவழி நடந்தோர்

வான்வழிப் பயணத்தின் மகிழ்ச்சியை மட்டும் கூறியிருந்தால் இந்நூல் இனிய கற்பனையாக நின்றிருக்கும். அதற்கு இணையாக ஆசிரியர் மற்றொரு பயணத்தையும் அமைத்துள்ளார். ஓசா, சிறுவன் மாட்ஸ் ஆகிய இருவரும் ஸ்மோலண்ட் பகுதியின் ஏழைக் குழந்தைகள். தாயும் உடன்பிறந்தோரும் ஒருவர்பின் ஒருவராக இறக்க, தந்தை மனமுடைந்து வீட்டை விட்டுப் போய்விடுகிறார். தம் வீட்டிற்கு வந்தது சாபமன்று, காசநோய் என்பதை ஒரு சொற்பொழிவின் வழியாக அறியும் குழந்தைகள், அச்செய்தியைத் தந்தைக்குச் சொல்வதற்காக நாட்டின் தெற்கிலிருந்து வடகோடி வரை நடந்தே செல்கின்றனர். வடக்கின் சுரங்க ஊரான மால்ம்பெரியட்டில் வெடி விபத்தில் மாட்ஸ் இறக்கிறான். தம்பிக்குப் பெரியவர்க்குரிய சிறப்போடு இறுதிச் சடங்கு நடக்க வேண்டும் என்று ஓசா சுரங்க மேலாளரிடம் வாதாடி வெல்கிறாள்.

ஒன்பது வயது மாணவர்க்கான பாடநூலில் இறப்பும் வறுமையும் தொற்றுநோயும் இவ்வளவு வெளிப்படையாக இடம்பெற்றது துணிச்சலான செயலாகும். நில்ஸ் பறந்து கடக்கும் அதே நிலத்தை இவ்விருவரும் நடந்து கடக்கின்றனர். ஒருவனுக்கு நாடு காட்சியாகிறது. மற்றவர்க்கு அது தூரமாகிறது. இரு பயணங்களையும் ஒரே நூலில் இணைத்ததன் வாயிலாக, பயணம் அனைவருக்கும் ஒரே பொருளுடையதன்று என்பதை லாகர்லெவ் குழந்தைகளுக்கு உணர்த்தினார்.

7. நூலுக்குள் நூலாசிரியர்

நூலின் பிற்பகுதியில் சிறியதொரு பண்ணை வீட்டைப் பற்றிய இயல் உண்டு. சுவீடனைப் பற்றிக் குழந்தைகளுக்கு நூல் எழுத வேண்டிய பெண் ஒருவர், எழுத வழி தெரியாமல், விற்கப்பட்டுவிட்ட தம் பழைய வீட்டைக் காண ஓர் இலையுதிர் கால மாலையில் வருகிறார். அங்கே ஆந்தையிடம் சிக்கிக்கொண்ட குள்ளச் சிறுவனை அவர் மீட்கிறார். அவன் தன் பயணக்கதையைச் சொல்ல, நூலுக்கான வழி அவருக்குக் கிடைத்துவிடுகிறது. அவ்வீடு மோர்பக்கா, அப்பெண் லாகர்லெவ்.

இவ்வியலைச் சுவைக்காகச் சேர்த்த புனைவு என்று ஒதுக்குதல் இயலாது. நூலின் மூலம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆசிரியரே அளித்த விளக்கமாக இதனைக் கொள்ளலாம். கதை அவருக்குச் சிசிலியிலோ எருசலேமிலோ வடக்கின் பனிமலையிலோ கிடைக்கவில்லை. இழந்த வீட்டின் முற்றத்தில் கிடைக்கிறது. இரண்டாம் தொகுதி வெளிவந்த 1907ஆம் ஆண்டிலேயே மோர்பக்கா வீட்டை அவர் திரும்ப விலைக்கு வாங்கினார். 1909இல் நோபல் பரிசு கிடைத்த பின் 1910இல் பண்ணை நிலங்களையும் மீட்டார்.

நோபல் பரிசு விருந்தில் ஆற்றிய உரையிலும் இதே இணைப்பைக் காணலாம். ஸ்டாக்ஹோம் நோக்கிச் செல்லும் இரவு ரயிலில் அமர்ந்தபடி, இறந்துபோன தந்தையைக் கற்பனையில் சந்திப்பதாக அவ்வுரையை அவர் அமைத்தார். தீர்க்க முடியாத கடனில் இருப்பதாகத் தந்தையிடம் முறையிட்டு, கதை சொன்ன முதியோர், வார்ம்லண்டின் நாடோடிகள், துணைநின்ற நண்பர்கள், வாசகர்கள் எனத் தாம் கடன்பட்டோரை வரிசைப்படுத்தினார். தந்தையின் கடனால் வீட்டை இழந்தவர் தம் கடன்களை இவ்வாறு நன்றியாக மாற்றிக் கூறியது பொருள் பொதிந்தது.

நில்ஸின் முடிவும் இதனோடு ஒத்துச் செல்கிறது. வீடு திரும்பும் அவன், தன் தோழன் மார்ட்டின் கொல்லப்படவிருப்பதைக் கண்டு, தன் குறுகிய உருவத்தை எண்ணி நாணுவதை மறந்து ஓடிச்சென்று தடுக்கிறான், அந்நொடியில் மனிதனாகிறான். ஆனால், பறவைகளின் மொழி அவனுக்கு அன்றே அற்றுப்போகிறது. வீட்டைப் பெற்றவன் வானை இழக்கிறான். பயணத்தின் விலையை மறைக்காமல் சொன்னதே இக்குழந்தை நூலின் நேர்மை.

8. பிற்கால வாழ்வு

1911இல் ஸ்டாக்ஹோமில் நடைபெற்ற அனைத்துலகப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டில் லாகர்லெவ் உரையாற்றினார். இல்லத்தைப் பெண்ணின் படைப்பாகவும் அரசை ஆணின் படைப்பாகவும் கொண்டு, முன்னது நன்கு அமைந்ததாயின் பின்னதையும் செம்மைப்படுத்தப் பெண்ணின் கை வேண்டும் என்பது அவரது வாதம். இல்லம் என்னும் கருத்து அவரிடம் தனியுணர்வின் எல்லை கடந்து அரசியல் பொருளும் பெற்றதை இதில் காண்கிறோம். 1914இல் சுவீடன் அகாதெமியின் முதல் பெண் உறுப்பினரானார். மோர்பக்காவைப் பண்ணையாக நடத்தினார். 1920களின் தொடக்கத்தில் அவ்வீட்டை விரிவாகப் புதுப்பித்தார். 1922, 1930, 1932 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த நினைவுநூல்கள் மூன்றில் முதல் இரண்டும் அவ்வீட்டையே மையமாகக் கொண்டவை.

இறுதிக் காலத்தில் வேறொருவரின் பயணத்திற்கு அவர் துணைநின்றார். இளமை முதல் தம்மோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த யூதக் கவிஞர் நெல்லி சாக்ஸ் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிச் சுவீடன் வருவதற்கு அவர் ஆதரவளித்தார். 1940 மார்ச் 16ஆம் நாள், தம் 81ஆம் வயதில், லாகர்லெவ் மோர்பக்காவில் காலமானார். அவ்வாண்டு மே மாதத்தில்தான் சாக்ஸும் அவர் தாயும் ஸ்டாக்ஹோம் வந்து சேர்ந்தனர். 1966இல் சாக்ஸும் இலக்கியத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார்.

நில்ஸின் கதை எல்லைகளைக் கடந்தது. விலங்கு நடத்தையியல் அறிஞர் கொன்ராட் லோரென்ஸ், போலந்துக் கவிஞர் செஸ்லாவ் மிலோஸ், ஜப்பானிய நாவலாசிரியர் கென்சாபுரோ ஓயே ஆகிய மூவரும் தத்தம் நோபல் பரிசை (1973, 1980, 1994) ஒட்டி அளித்த உரையிலோ தன்வரலாற்றுக் குறிப்பிலோ, இளமையில் தம்மைக் கவர்ந்த நூலாக இதனைக் குறிப்பிட்டனர். சுவீடன் 1991இல் வெளியிட்ட 20 குரோனர் பணத்தாளின் ஒருபுறம் லாகர்லெவ்வும், மறுபுறம் வாத்தின் மேல் பறக்கும் நில்ஸும் இடம்பெற்றனர்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பெறப்படுபவை வருமாறு: லாகர்லெவ்வின் பயண ஆர்வம், நடக்க இயலாத இளமையிலும் இல்லத்தை இழந்த துயரிலும் வேர்கொண்டது. வெளிநாட்டுப் பயணங்கள் அவருக்கு அயல்நாட்டுக் கதைகளை மட்டும் தரவில்லை. பிறந்த நிலத்தைத் தொலைவிலிருந்து காணும் பார்வையையும் தந்தன. அப்பார்வையே பாடநூல் வேண்டுகோளைக் கலைப்படைப்பாக உயர்த்தியது. பறவையின் உயரம், குள்ளனின் சிறுமை, ஏழைக் குழந்தைகளின் நடை ஆகிய மூன்று பார்வைகளை ஒருங்கிணைத்ததனால், அந்நூல் நாட்டுப் பெருமை பேசும் வாசகமாகத் தேங்கிவிடாமல் நின்றது.

குழந்தை எழுத்தாளரின் வாழ்க்கையை ஆராய்வோர் அவர் சென்ற ஊர்களின் பட்டியலைத் தொகுப்பதோடு நின்றுவிடலாகாது. அவர் எங்கே திரும்பிவர விரும்பினார் என்பதையும் கேட்க வேண்டும். லாகர்லெவ்வைப் பொறுத்தவரை அவ்வினாவிற்கு மோர்பக்கா என்பதே விடை. நாடு முழுவதையும் குழந்தைகளுக்குச் சுற்றிக்காட்டிய அவர், அந்தச் சுற்றுவழியினூடே தம் வீட்டு வாசலையும் சென்றடைந்தார்.